பிள்ளைப்பேற்று வீடும் மருத்துவிச்சியும்

(நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



அந்தக் கால யாழ்ப்பாணத்து வாழ்க்கையைப் பற்றிப் பேசும்படி சங்கத்தினர் கேட்டார்கள். துலாக்கிணறு, கிடுகு வேலி, ஒடியற்கூழ் பற்றிச் சொல்ல என்னைவிடத் தகுதியான பெரியவர்கள் இந்த மண்டபத்தில் இருக்கிறார்கள். நான் பிள்ளைப்பேறு பார்க்கிற டொக்டர். ஆகவே அந்தக் கால வீட்டில் ஒரேயொரு அறையைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

எங்கள் ஊரில் வீடு பெரும்பாலும் பெண்ணுக்குச் சீதனமாகப் போவது. அதனால் பிள்ளை பிறந்ததும் தாய்வழி வீட்டில்தான். வெளிச்சம் குறைந்த ஓர் அறையை ஒதுக்குவார்கள். வாசலில் வேப்பிலை செருகியிருக்கும். கொத்தி என்ற பேய் தாயையும் பிள்ளையையும் தேடி வரும் என்று பயம். அதற்காகப் பாயருகில் இரும்புத் துண்டொன்று கிடக்கும். 31 நாள் துடக்கு. அடுப்படிக்குப் போகக்கூடாது, கிணற்றடிக்குப் போகக்கூடாது, கோயில் வாசலை மிதிக்கக்கூடாது. ஒரு பெண்ணுக்கு ஒரு மாத ஓய்வு வேண்டும் என்று நேரே சொல்லிக் கேட்டிருந்தால் எந்த மாமியார் சம்மதித்திருப்பார்? தீட்டு என்ற பெயரில்தான் அந்த ஓய்வு கிடைத்தது. அதுவும் எல்லோருக்கும் இல்லை. புகையிலைத் தோட்டத்தில் நாட்கூலிக்குப் போன பெண்ணுக்கு யார் 31 நாள் கொடுத்தார்கள்?

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லாவிட்டால் அக்காமார் என்னைச் சும்மா விடமாட்டார்கள். மல்லி, மிளகு, சீரகம், மஞ்சள், உள்ளி எல்லாம் அம்மியில் மைபோல அரைத்த காயம். செத்தல் மிளகாய் சேராத சரக்குக் கறி. பால் சுரக்கப் பால்சுறா. நல்லெண்ணெயில் பொரித்த முட்டை. வேப்பிலை, நொச்சி, ஆடாதோடை அவித்த வேதுத்தண்ணீரில் குளிப்பு. பிறகு சாம்பிராணிப் புகை, வயிற்றைச் சுற்றி இறுக்கிய பழஞ்சேலை.

ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்கிற எங்கள் பிள்ளைகள் இப்போது தொலைபேசியில் கேட்கிறார்கள், "இதெல்லாம் செய்யலாமா டொக்டர்?" என்று. சரக்குக் கறியும் மீனும் முட்டையும் தாராளமாகச் சாப்பிடலாம். பெற்றவளுக்குப் புரதம் வேண்டும். ஆனால் தண்ணீரை மட்டுக்கட்டிக் கொடுத்தார்களே, அது பிழை. பால் கொடுக்கிறவளுக்குத் தாகம் எடுக்கும், குடிக்க விடவேண்டும். வயிற்றில் வெட்டுக்காயம் இருப்பவளுக்குக் கொதிக்கக் கொதிக்க வேதுத்தண்ணீர் ஊற்றவேண்டாம். நாள் முழுக்கப் படுக்கவும் வேண்டாம், காலில் இரத்தம் கட்டும், வீட்டுக்குள் நடக்கட்டும். இன்னொன்று. பசு கன்று போட்டால் கடும்புப்பாலைக் காய்ச்சி, பங்கு போட்டுச் சாப்பிட்ட சனம் நாங்கள். தாயின் முதற்பாலை மட்டும் பீச்சி எறிந்துவிட்டுப் பிள்ளையின் நாக்கில் சீனித்தண்ணீர் தொட்டு வைத்த வீடுகள் எத்தனை! நோயைத் தடுக்கும் சத்து அந்தப் பாலில்தான் நிறைய இருக்கிறது.

இத்தனையும் தெரிந்து செய்தவள் மருத்துவிச்சி. அவளைப் பற்றி எங்கள் மலர்களில் எவரும் எழுதுவதில்லை. நடுச்சாமத்தில் அரிக்கன் லாம்போடு ஆள் அனுப்பினால் எழுந்து வருவாள். கொடி சுற்றிய பிள்ளையையும், கால் முன்னே வந்த பிள்ளையையும் கைப்பழக்கத்தில் எடுத்தாள். கூலி அரிசி, தேங்காய், ஒரு சேலை. பெரும்பாலும் அவள் ஒடுக்கப்பட்ட சாதிப் பெண். பிள்ளையை முதன்முதல் ஏந்திய அந்தக் கை அதே வீட்டுக் கிணற்றுக் கயிற்றைத் தொடக்கூடாது. அவள் ஏந்திய பிள்ளையே வளர்ந்து, கிழவியான அவளைப் பெயர் சொல்லி "நீ" என்று கூப்பிடும். அந்தக் காலம் பொற்காலம் என்று பேசுகிறவர்கள் இதையும் சேர்த்தே பேசவேண்டும்.

அவள் கைக்கு மீறியதும் இருந்தது. இரத்தப்பெருக்கை நிறுத்த அவளிடம் மருந்தில்லை. கொடி அறுத்த கத்தி கொதிநீரைக் காணாவிட்டால் பிள்ளைக்கு ஏற்பு வலி வந்தது. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் டொக்டர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் படிப்பித்தார். பிரசவ நூலையும் தமிழாக்கினார். ஆனால் அவரிடம் படித்தவர்கள் ஆண்கள், ஆணை அந்த அறைக்குள் விட எங்கள் வீடுகள் தயங்கின. பெண்களுக்கும் பிள்ளைகளுக்குமென்றே 1898இல் இணுவிலில் மக்லியொட் ஆஸ்பத்திரி திறந்து, பெண் டொக்டர்மார் பொறுப்பெடுத்த பிறகுதான் அந்தக் கதவு மெல்லத் திறந்தது. இருந்தும் 1930களில் இலங்கையில் ஓர் இலட்சம் பிறப்புக்கு 2000க்கு மேற்பட்ட தாய்மார் இறந்தார்கள். இன்று 30 அளவில்தான். ஊர் ஊராகச் சைக்கிளில் போன அரசாங்க மருத்துவமாதுக்களுக்கு இதில் பெரும் பங்குண்டு.

ஜாம் போத்தல் விளக்கில் படித்த என் வயதுக்காரருக்கு நினைவிருக்கும். 1990க்குப் பிறகு மின்சாரமும் பெற்றோலும் இல்லாத அந்த ஆண்டுகளில், இரவில் வலி எடுத்தால் ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போவது என்பதே வீட்டுக்கு வீடு கவலை. அப்போது ஊரிலிருந்த பழைய கைகளைத்தான் சனம் நினைத்தது.

பிறப்பத்தாட்சிப் பத்திரத்தில் தகப்பன் பெயர் இருக்கிறது, தாய் பெயர் இருக்கிறது, அறிவித்தவர் பெயரும் இருக்கிறது. பிள்ளையை ஏந்தியவளின் பெயருக்கு இடமில்லை. ஆகவே ஒரு வேண்டுகோள். உங்களில் 60, 70 வயதைத் தாண்டியவர்களில் பலர் வீட்டில் பிறந்தவர்கள். உங்களை எடுத்த மருத்துவிச்சியின் பெயர் என்ன, எந்த ஒழுங்கையில் இருந்தாள், என்ன கொடுத்தார்கள் என்று உங்கள் அம்மாவிடம், பெரியம்மாவிடம் கேளுங்கள். கேட்க ஆள் இருக்கும்போதே கேளுங்கள். கடதாசியில் எழுதிச் செயலாளரிடம் கொடுத்தால் போதும், நான் தொகுத்துத் தருகிறேன். பெயருக்குப் பின்னால் "அம்மா" என்று சேர்த்தே எழுதுங்கள்.