பாபநாசம் படித்துறையில் ஒரு சர்வர்: லேப்டாப் இல்லாதப்போ போன்ல என்னென்ன வேணும்?

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடை அப்படியே இருக்கட்டும்னு கொஞ்சமாத்தான் திருத்தியிருக்கோம்.)

இன்னைக்கு ஆப்களைப் பத்திப் பேசப் போறோம். ஆனா "டாப் டென் ஆப்ஸ்" மாதிரி லிஸ்ட் எல்லாம் கிடையாது. எனக்கு நடந்த ஒரு கூத்தைச் சொல்றேன், அதுக்குள்ளயே ஆப்களும் வந்துரும்.

போன வருஷம் ஆடி அமாவாசை. நான் அம்பாசமுத்திரம், எங்க ஊர்க்காரங்க வாய்ல அம்பை. அக்கா பையனுக்கு மொட்டை போட்டுக் காது குத்தணும். அத்தான் வீட்டுக் குலசாமி காரையார் சொரிமுத்து அய்யனார். பாபநாசம் தாண்டி மலைக்குள்ள, களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள்ள இருக்கிற கோயில். தாய்மாமன் நான். என் மடியில உக்காந்தாத்தான் பிள்ளைக்குக் காது குத்துவாங்க. அதனால லீவு போட்டாச்சு, லேப்டாப்பை வீட்லயே வெச்சாச்சு. காட்டுக்குள்ள அதைத் தூக்கிட்டுப் போய் என்ன பண்ண?

லீவு போட்டேனே தவிர, ஆன்-கால் ட்யூட்டியை வேற ஆளுக்கு மாத்திவிட மறந்துட்டேன். முழுக்க என் தப்பு.

பஸ் பாபநாசத்துல நிக்கும்போது போன் அலறுது. பில்லிங் சர்வர்ல டிஸ்க் ஃபுல். நாங்க எழுதின சாஃப்ட்வேர்லதான் கொஞ்சம் கடைங்க பில் போடுறாங்க. அமாவாசை அன்னைக்கு, காலை நேரம், பில் வரல. இன்னும் ரெண்டு கிலோமீட்டர் மேல ஏறினா சிக்னல் போயிரும். இறங்கிட்டேன். அக்கா ஜன்னல் வழியா, "ஏலே, நீ வராம காது குத்த முடியாதுலே"ன்னு கத்துறா. பஸ் போயிருச்சு.

படித்துறையில ஒரு ஓரமா உக்காந்தேன். என்கிட்ட இருந்தது ஒரு ஆண்ட்ராய்டு போன், அதுல டெர்மக்ஸ்.

டெர்மக்ஸ் தெரியாதவங்களுக்கு: போனுக்குள்ள ஒரு லினக்ஸ் டெர்மினல். ரூட் பண்ண வேண்டாம். எஸ்எஸ்ஹெச், கிட், பைத்தான், விம் எல்லாம் ஒரு கட்டளையில இறங்கும். எஃப்-டிராய்டுல இருந்து போட்டுக்கோங்க. வேற வேற இடத்துல இருந்து எடுத்த டெர்மக்ஸும் அதோட துணை ஆப்களும் ஒண்ணோட ஒண்ணு சேராது, கையெழுத்து வேற. அதனால எல்லாத்தையும் ஒரே இடத்துல எடுங்க. அப்புறம் பேட்டரி செட்டிங்ஸ்ல டெர்மக்ஸுக்கு மட்டும் கட்டுப்பாட்டை எடுத்து விடணும். இல்லைன்னா, ஒரு வாட்ஸ்ஆப் மெசேஜ் பார்த்துட்டுத் திரும்புறதுக்குள்ள போன் அதைக் கொன்னு போட்டுரும்.

ஐபோன் வெச்சிருக்கிறவங்களுக்கு பிளிங்க் ஷெல் நல்லா இருக்கு, காசு கேக்கும். டெர்மியஸ் ரெண்டுலயும் ஓடும். அவ்வளவுதான் சொல்ல முடியும், நான் ஐபோன் ஆள் இல்ல.

சர்வர்க்குள்ள போயாச்சு. பார்த்தா ஒரே ஒரு லாக் ஃபைல் வீங்கி மொத்த டிஸ்கையும் முழுங்கியிருக்கு. லாக் ரொட்டேஷன் போடாம விட்டது யாரு? நான்தான், வேற யாரு. சரின்னு அந்த ஃபைலை டெலீட் பண்ணினேன். டிஸ்க் இன்னும் நூறு சதவீதம்னே காட்டுது!

இது நிறைய பேர் மாட்டுற இடம், அதனால நின்னு சொல்றேன். லினக்ஸ்ல ஒரு புராசஸ் ஃபைலைத் திறந்து வெச்சிருந்தா, நீங்க டெலீட் பண்ணினாலும் பேர் மட்டும்தான் போகும், இடம் திரும்ப வராது. அந்த புராசஸ் ஃபைலை மூடினாத்தான் வரும். ஃபைலை அழிக்காம, உள்ள இருக்கிறதை மட்டும் காலி பண்ணியிருந்தா அங்கேயே முடிஞ்சிருக்கும். இப்போ வேற வழியில்ல, சர்வீஸை ரீஸ்டார்ட் பண்ணினேன். இடம் வந்துச்சு. பில் ஓட ஆரம்பிச்சுது.

அதோட எந்திரிச்சுப் போயிருக்கலாம். ஆனா கை சும்மா இருக்குமா? பழைய லாக்கை எல்லாம் சுருக்கி இன்னொரு டிஸ்குக்கு மாத்திரலாம்னு ஒரு வேலையை ஓடவிட்டேன். பாதியில சிக்னல் போச்சு. திரும்ப வந்து பார்த்தா டெர்மினல் உறைஞ்சு கிடக்கு. மறுபடி லாகின் பண்ணினா அந்த வேலையும் பாதியிலயே செத்துப்போச்சு.

ஏன்? எஸ்எஸ்ஹெச் ஓடுறது டிசிபி மேல. உங்க ஐபி முகவரிக்கும் சர்வரோட முகவரிக்கும் நடுவுல ஒரு கயிறு கட்டின மாதிரி. வைஃபையில இருந்து மொபைல் டேட்டாவுக்கு மாறினா உங்க முகவரி மாறிரும், கயிறு அறுந்துரும். சர்வர் பக்கம் அந்த இணைப்பு செத்துப்போச்சுன்னு முடிவு பண்ணினதும், உங்க ஷெல்லும் அதுக்குள்ள ஓடின வேலையும் சேர்ந்து போயிரும்.

இதுக்குத்தான் ரெண்டு விஷயம். ஒண்ணு டிமக்ஸ். இது போன் ஆப் இல்ல, சர்வர்ல ஓடுறது. நீங்க துண்டிச்சுக்கிட்டாலும் உள்ள வேலை ஓடிக்கிட்டே இருக்கும், திரும்ப வந்து ஒட்டிக்கலாம். அன்னைக்கு ரெண்டாவது தடவை டிமக்ஸ்குள்ளதான் அந்த வேலையை ஓட்டினேன்.

இன்னொண்ணு மோஷ். எம்ஐடி-யில கீத் வின்ஸ்டீனும் ஹரி பாலகிருஷ்ணனும் 2012-ல ஆய்வுக் கட்டுரையோட வெளியிட்டது. பாலகிருஷ்ணன் நம்ம சென்னை ஐஐடி-யில படிச்சவர், சொல்லிக்க வேண்டாமா? மோஷ் உள்ள நுழையறதுக்கு மட்டும் எஸ்எஸ்ஹெச்-ஐ எடுத்துக்கும், அப்புறம் யுடிபி-க்கு மாறிரும். உங்க முகவரி மாறினாலும் கவலைப்படாது. போனைப் பையில போட்டு, பஸ் ஏறி, அரை மணி நேரம் கழிச்சு எடுத்தாலும் விட்ட இடத்துல நிக்கும். நெட்வொர்க் மெதுவா இருந்தா, நீங்க தட்டுற எழுத்தை சர்வர் பதிலுக்குக் காத்திருக்காம ஊகிச்சுத் திரையில காட்டும். அம்பையில வீட்டு மாடியில அந்த ஊகம் இல்லாம டைப் பண்ணிப் பாருங்க, பைத்தியம் பிடிக்கும். குறைன்னா, மேல ஸ்க்ரோல் பண்ணிப் பழைய அவுட்புட்டைப் பார்க்க முடியாது. அதனால மோஷுக்குள்ள டிமக்ஸ் வெச்சு ஓட்டணும்.

ஆனா மோஷ் சர்வர்லயும் இருக்கணும், ஃபயர்வால்ல 60000-ல இருந்து 61000 வரைக்குமான யுடிபி போர்ட்கள்ல சிலதாவது திறந்திருக்கணும். அன்னைக்கு என் சர்வர்ல ரெண்டும் இல்ல. படித்துறையில உக்காந்துக்கிட்டா ஃபயர்வாலைத் தொடுவீங்க? மாட்டேன்.

இப்போ வயித்தைக் கலக்கின இடம். பழைய லாக் ஃபோல்டரை அழிக்கணும். கட்டைவிரல்ல டைப் பண்றேன். எண்டர் தட்டப் போற நேரம், வெயில்ல திரை சரியாத் தெரியலைன்னு போனைப் படுக்கையாத் திருப்பினேன். அப்பதான் தெரிஞ்சுது, அப்ளிகேஷன் ஃபோல்டர் பேருக்கு அப்புறம் ஒரு ஸ்பேஸ் விழுந்திருக்கு. போன் நிமிர்ந்து இருந்தப்போ வரி சரியா அந்த இடத்துல மடிஞ்சதால ஸ்பேஸ் கண்ணுக்கே தெரியல. தட்டியிருந்தா லாக்கோட சேர்த்து மொத்த அப்ளிகேஷனும் போயிருக்கும். கால் தண்ணிக்குள்ள இருந்துச்சு, ஆனா எனக்கு வேர்த்துப்போச்சு.

அதுக்கப்புறம் ரெண்டு பழக்கம். அழிக்கிற கட்டளை எதுவா இருந்தாலும், அதே பாதையை முதல்ல பட்டியல் போட்டுப் பார்ப்பேன், அப்புறம்தான் அழிப்பேன். அடிக்கடி செய்யற வேலைகளை லேப்டாப்ல ஸ்க்ரிப்டா எழுதி, டெர்மக்ஸ் விட்ஜெட் மூலமா போன் முகப்புல பட்டனா வெச்சிருக்கேன். டிஸ்க் பாக்க ஒரு பட்டன், சர்வீஸ் ரீஸ்டார்ட்டுக்கு ஒரு பட்டன். கட்டைவிரலுக்கு அதுக்கு மேல அதிகாரம் கொடுக்கிறதில்ல. டேட்டாபேஸை போன்ல இருந்து தொடறதே இல்ல.

கீபோர்டும் முக்கியம். சாதா கீபோர்டுல கன்ட்ரோல், எஸ்கேப், டேப் எல்லாம் எங்க? டெர்மக்ஸ்ல வால்யூம் குறைக்கிற பட்டனே கன்ட்ரோலா வேலை செய்யும், இது நிறைய பேருக்குத் தெரியாது. எழுத்துத் திருத்தம் எதுவும் பண்ணாத கீபோர்டு வேணும்னா 'அன்எக்ஸ்பெக்டட் கீபோர்டு'ன்னு ஒண்ணு இருக்கு. ஒவ்வொரு கீயோட மூலைக்கும் இழுத்தா வேற வேற குறி வரும். முதல் ரெண்டு நாள் திட்டுவீங்க.

சாவி விஷயம். லேப்டாப்ல இருக்கிற எஸ்எஸ்ஹெச் கீயை அப்படியே போனுக்குக் காப்பி பண்ணாதீங்க. போனுக்குத் தனி கீ, அதுக்கு ஒரு பாஸ்பிரேஸ். போனைத் திருவிழாக் கூட்டத்துல யாராவது அடிச்சுட்டாக்கூட, சர்வர்ல அந்த ஒரு வரியை மட்டும் எடுத்தாப் போதும்.

வீட்ல ஒரு ராஸ்பெரி பை ஓடுதுன்னா, வெளிய இருந்து அதுக்குள்ள வர டெயில்ஸ்கேல் போதும். அடியில ஓடுறது வயர்கார்டு. உங்க வீட்டு இணைப்புக்குத் தனி பப்ளிக் ஐபி இல்லைன்னாலும் வேலை செய்யும்.

அடுத்து ஓடிபி. எஸ்எம்எஸ்ல வர ஓடிபி-யை நம்பிக் காட்டுப் பக்கம் போகாதீங்க. ஆத்தென்டிகேட்டர் ஆப் காட்டுற ஆறு இலக்கத்துக்கு நெட்வொர்க்கே வேண்டாம். ஒரு ரகசிய எண்ணையும் இப்போ மணி என்னங்கறதையும் வெச்சு, முப்பது வினாடிக்கு ஒரு தடவை போன் தானே கணக்குப் போடுது. போன் கடிகாரம் சரியா இருக்கணும், அவ்வளவுதான். நான் ஏஜிஸ் வெச்சிருக்கேன், பூட்டின பேக்கப் எடுக்கலாம். அந்த பேக்கப்பை அதே போன்ல வெச்சா என்ன பிரயோஜனம்? பென்டிரைவ்ல போட்டு வீட்டுப் பீரோவுல வெச்சிருக்கேன், ஆச்சியோட பத்திரத்துக்குப் பக்கத்துல.

நெட்டே இல்லைன்னா? 2023 டிசம்பர் 17, 18 நம்ம பக்கத்து ஆளுங்களுக்கு மறக்காது. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல கிட்டத்தட்ட 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி ரெண்டு கரையையும் முழுங்கிச்சு, ஸ்ரீவைகுண்டத்துல ரயிலோட ஜனங்க மாட்டிக்கிட்டாங்க. எங்க வீட்ல கரண்டும் இல்ல, சிக்னலும் இல்ல. கையில வெச்சிருந்த போன் ஒரு டார்ச் லைட், அவ்வளவுதான். அதுக்கப்புறம் ஆர்கானிக் மேப்ஸ்ல தமிழ்நாடு மேப்பை முழுசா இறக்கி வெச்சேன். கிவிக்ஸ்ல தமிழ் விக்கிப்பீடியாவும், சர்வர்ஃபால்ட் கேள்வி பதில்களும் ஆஃப்லைன்ல இருக்கு. படித்துறையில அந்த லாக் ஃபைல் சங்கதியை கிவிக்ஸ்லதான் தேடிப் படிச்சேன், ஏன்னா பிரவுசர்ல பக்கம் திறக்கவே இல்ல.

சரி, கோயிலுக்கு வருவோம். ஒண்ணே கால் மணி நேரம் ஆச்சு. அடுத்த பஸ்ல நின்னுக்கிட்டே ஏறினேன். கூட்டம்னா அப்படி ஒரு கூட்டம். போய்ச் சேர்ந்தா, பிள்ளை மொட்டைத் தலையில சந்தனத்தோட தூங்கிட்டான், ஆசாரி கடிகாரத்தைப் பார்த்துட்டு இருக்கார். அத்தான் ஒண்ணும் சொல்லல. மாமாதான், "மாப்ளே, நாங்க சாமி கும்பிட வந்தோம், நீ போனைக் கும்பிட்டுட்டு வாரியோ?"ன்னார். பிள்ளையை மடியில வாங்கிக்கிட்டேன். ஊசி பட்டதும் எந்திரிச்சு ஊரே கேக்குற மாதிரி அழுதான். பாக்கெட்ல போன் சிக்னல் இல்லாமக் கிடந்துச்சு.

உங்க வேலை இதுதான். இந்த சனிக்கிழமை லேப்டாப்பை மூடி வெச்சுட்டு, உங்க டெஸ்ட் சர்வர் ஒண்ணுக்குள்ள போன்ல இருந்து மட்டும் போய்ப் பாருங்க. நடுவுல ஏரோப்ளேன் மோடு போட்டு எடுங்க. எது உடைஞ்சுதுன்னு எனக்கு எழுதுங்க, அடுத்த எபிசோட்ல படிக்கிறேன். இந்த வருஷ ஆடி அமாவாசைக்கு ஆன்-கால் ட்யூட்டியை இப்பவே மாத்தி வெச்சாச்சு. வரட்டா மக்களே!