மண்வெட்டியும் தியானமும்



ஒரு மொழியில் அமைந்த விதிகளை மற்றொரு மொழியில் பெயர்த்து எழுதுவது என் அன்றாடத் தொழில். சொல்லைச் சொல்லாகவே வைத்தால் சில வேளை பொருள் நழுவிவிடும்; பொருளைக் காக்கச் சொல்லை விடவும் நேரிடும். பௌத்த மடங்களின் தோட்ட வேலையைப் பற்றிப் படித்தபோது அங்கும் இதே நிலைமையைக் கண்டேன்.

பாலி மொழியிலுள்ள விநய பிடகம் பிக்குகளின் ஒழுக்க விதிகளைக் கூறுவது. பிக்கு மண்ணைத் தோண்டலாகாது. பிறரைக் கொண்டு தோண்டுவிக்கவும் ஆகாது. செடிகொடிகளை அழித்தலும் குற்றம் என்பன அதன் கட்டளைகள். மண்ணிலும் மரத்திலும் உயிர் உண்டென அக்கால மக்கள் கருதினர். பிக்குகள் பிச்சை ஏற்றே உண்டனர்.

அந்தச் சமயம் சீனத்தை அடைந்தபோது நிலைமை மாறிற்று. உழைக்காமல் உண்பவர் என்ற பழிச்சொல் அங்கே துறவிகள்மீது விழுந்தது. 814-ஆம் ஆண்டில் மறைந்த பைஜாங் என்னும் ஜென் ஆசான், மூத்தவர் இளையவர் என்ற வேறுபாடின்றி மடத்தில் அனைவரும் உழைக்க வேண்டுமென வகுத்தார் என்பது மரபு. முதுமையிலும் அவர் வயலில் பாடுபடுவதைக் காணப் பொறாத சீடர்கள், அவருடைய கருவிகளை ஒளித்து வைத்தனராம். வேலை செய்யாத அன்று அவர் உணவையும் தொடவில்லையாம்.

இம்மரபு ஜப்பான் வழியாக அமெரிக்காவுக்கும் சென்றது. கலிபோர்னியாவில், ஸான் பிரான்ஸிஸ்கோ நகருக்கு வடக்கே, பசிபிக் கடலை நோக்கிய பள்ளத்தாக்கு ஒன்றில் 1972-இல் கிரீன் கல்ச் என்னும் ஜென் நிலையம் தொடங்கப்பெற்றது. துறவிகளும், இல்லறத்தாரும், சில மாதங்கள் பயில வந்தவர்களும் அங்கே கூடி வாழ்கின்றனர். வைகறையில் தியானம், பின்னர் தோட்டத்தில் உழைப்பு. கீரை வகைகளும் உருளைக்கிழங்கும் விளைகின்றன. சமையற் கழிவும் சருகும் மக்கி எருவாகின்றன.

ஆயினும் பழைய விதி எழுப்பிய கேள்வி மறைந்துவிடவில்லை. எவ்வளவு கவனமாகக் கொத்தினும் மண்வெட்டியின் வாயில் புழு அறுபடும். களையென்று பிடுங்கி எறிவதும் ஓர் உயிரே. 1990-ஆம் ஆண்டின் புவி நாளன்று அந்நிலையத்தார், தம் தோட்டத்தில் மடிந்த செடிகளையும் பிராணிகளையும் நினைந்து, அவற்றிடம் மன்னிப்பு வேண்டும் சடங்கு ஒன்றை நடத்தினர்.

இச்செய்தியே என் உள்ளத்தைத் தொட்டது. தோண்டாதே என்பதும் தோண்டு என்பதும் ஒன்றுக்கொன்று பகை போலத் தோன்றும். முன்னது உயிர்க்கு ஊறு செய்யாதே என்கிறது. பின்னது பிறர் உழைப்பிலேயே வாழாதே என்கிறது. பிக்கு தோண்டாவிடினும், அவர் உண்ட சோற்றுக்காக உழவன் ஒருவன் மண்ணைக் கிளறத்தானே வேண்டியிருந்தது? ஊறு சிறிதும் இன்றி உணவு இல்லை. அதனைப் பிறர் தலையில் ஏற்றாமல், தன் கையாலேயே செய்து, செய்ததற்குத் தலை வணங்குவதில் இரண்டு விதிகளின் பொருளும் காக்கப்படுகிறது.

பிறந்த ஊரை விட்டு வேற்று மாநிலங்களில் வாழும் நம்மில் பலர், குடியிருப்பின் பின்புறத்தில் ஒரு கறிவேப்பிலைக் கன்றையேனும் வைத்து வளர்க்கிறோம். அடுத்த முறை அதன் அடியைக் கொத்துமுன், ஒரு கணம் நின்று, மண்ணைக் குனிந்து பார்ப்போமாக.