இதயமும் முதல் ஒரு மணி நேரமும்

(மகாவீர் ஜெயந்தி விழாவையொட்டி, செவிலியம், மருந்தியல், ஆய்வகத் தொழில்நுட்பம் பயிலும் நம் சமூக மாணவ மாணவியர்க்குப் பொன்னேரியில் ஆற்றிய உரை)

 

இதயம் என்பது அவரவர் மூடிய கையளவே உள்ள தசை உறுப்பு. வளர்ந்தவர்க்கு அதன் எடை ஏறத்தாழ 300 கிராம். மேலே இரண்டு, கீழே இரண்டு என நான்கு அறைகள். குருதி பின்னோக்கித் திரும்பாமல் காக்க நான்கு வால்வுகள். உடலைச் சுற்றி வந்த குருதி வலப்புறத்தை அடைந்து நுரையீரலுக்குச் செல்கிறது. அங்கே உயிர்வளி ஏற்று இடப்புறம் வந்து, பெருந்தமனி வழியே உடலெங்கும் பாய்கிறது. ஒரு துடிப்புக்குச் சுமார் 70 மில்லி லிட்டர். ஒரு நிமிடத்தில் சுமார் 5 லிட்டர்.

அறைகள் நிறையக் குருதி இருந்தும் இதயத் தசை தனக்கு வேண்டியதை அதிலிருந்து எடுத்துக்கொள்வதில்லை. பெருந்தமனியின் அடியில் கிளைக்கும் இரண்டு கரோனரித் தமனிகளே அதற்கு ஊட்டம் அளிக்கின்றன. அவற்றின் கிளையொன்றில் படிந்த கொழுப்புத் திட்டு வெடித்து, அதன்மேல் குருதி உறைந்தால் வழி அடைபடும். அக்கிளையை நம்பிய தசை அரை மணி அளவிலேயே மடியத் தொடங்கும். இதுவே மாரடைப்பு. மடிந்த தசை மீண்டும் வளராது. ஆகவே இந்நோயில் நேரமே மருந்து.

இதய நிறுத்தம் என்பது வேறு. துடிப்பை நடத்தும் மின்னோட்டம் தாறுமாறாகி, இதயம் குருதியை வெளியேற்றாமல் நின்றுபோதல் அது. மாரடைப்பு உற்றவர் பெரும்பாலும் பேசுவார், வியர்ப்பார், நெஞ்சைப் பிடித்துக்கொள்வார். இதய நிறுத்தம் உற்றவரோ நினைவிழந்து விழுவார். மூச்சு இராது, அல்லது விக்கி விக்கி வரும். உடனே 108ஐ அழையுங்கள். மார்பின் நடுவில் இரு கைகளையும் வைத்து, 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்துங்கள். ஒவ்வோர் அழுத்தத்துக்குப் பின்னும் மார்பு முழுவதும் மேலெழ விடுங்கள். உதவி வரும்வரை நிறுத்தாதீர்கள்.

நம் பகுதிக்கு வருவோம். கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலைகளில் இரவுப் பணி செய்வோர் பலர். நள்ளிரவில் நெஞ்சு கனத்தால், “வாயுத் தொல்லைதான், விடிந்ததும் முதல் மின்சார வண்டியில் சென்னைக்குப் போகலாம்” என்கிறோம். சோடா குடிக்கிறோம், தைலம் தடவுகிறோம். விடிவதற்குள் தசை மடிந்துவிடுகிறது. நெஞ்சின் நடுவே அழுத்தம், இடக்கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, குளிர்ந்த வியர்வை ஆகியன அறிகுறிகள். பெண்களுக்கும் முதியோருக்கும் நீரிழிவு உள்ளோருக்கும் வலியின்றி, மூச்சுத் திணறலும் சோர்வும் மட்டுமே தோன்றலாம். அத்தகையவரை நடக்க விடாதீர். இரு சக்கர வண்டியில் ஏற்றாதீர். இசிஜி எடுக்கும் வசதியுள்ள அருகிலுள்ள மருத்துவமனைக்கே முதலில் செல்லுங்கள்.

“சிற்றூரில் என்ன செய்ய முடியும்?” என்று கேட்பவர்களுக்குத் தமிழகமே விடை தந்துள்ளது. 2012 முதல் 2014 வரை, மருத்துவர்கள் தாமஸ் அலெக்சாண்டர், அஜித் முல்லாசரி ஆகியோர் முன்னின்று, சிறிய மருத்துவமனைகளைப் பெரிய இதய மையங்களோடு இணைத்து ஓர் ஆய்வு நடத்தினர். அதில் 2,420 நோயாளிகள் இடம்பெற்றனர். ஓராண்டுக்குள் இறந்தோர் அளவு நூற்றுக்கு 17.6 என்பதிலிருந்து 14.2 ஆகக் குறைந்தது. 2023இல் அரசு தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தின்படி, ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை நிலையங்களிலும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அட்டோர்வாஸ்டாட்டின் ஆகிய மாத்திரைகள் முதல் தவணையாக வழங்கப்படுகின்றன. பெரிய மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே சிகிச்சை தொடங்கிவிடுகிறது.

நம் இல்லங்களுக்கென ஒரு வேண்டுகோள். இரவில் உண்ணாமை நம் நெறி. ஆயினும் நெஞ்சு வலித்தவர், சூரியன் மறைந்துவிட்டது என்று உயிர்காக்கும் மாத்திரையை மறுக்கலாகாது. ஸ்டென்ட் வைத்துக்கொண்டோர் தசலட்சண நோன்புக்காகக் குருதி உறையாமைக்கான மாத்திரைகளைத் தாமாக நிறுத்தினால், ஸ்டென்ட்டே அடைபடலாம். நோன்புக்கு முன் மருத்துவரைக் கலந்துகொள்ளுங்கள். ஆற்றலுக்கேற்ற தவம் என்பதே பதினாறு பாவனைகளுள் ஒன்றாக வைக்கப்பட்டுள்ளது.

மாணவச் செல்வங்களே, நால்வகைத் தானங்களுள் ஔடத தானமும் அபய தானமும் உண்டு. நீங்கள் கற்பது இவ்விரண்டுக்கும் உரியது. இவ்விழா முடிந்து வீடு திரும்பியதும், மார்பழுத்த முறையை வீட்டில் இருவருக்கேனும் செய்து காட்டுங்கள். அடுத்த தெருவில் ஒருவர் விழும்போது, 108 வண்டி வரும்வரை அவர் உயிரைத் தாங்கப் போவது அந்த இருவரின் கைகளே.