சறுக்கலும் அடக்கமும்



வழுக்கும் தெருவிலே சறுக்கும் மோட்டார் வண்டியை அடக்குவது எவ்வாறு எனக் கற்பிக்கும் வகுப்புகள் பல நாடுகளில் நடைபெறுகின்றன. அவை காசுக்குத் தகுமா என்பதே எம் வினா.

பனி உறையும் நோர்வேயில் 1979ஆம் ஆண்டு இப்பயிற்சி புதிய சாரதிகளுக்குக் கட்டாயமாக்கப்பட்டது. விபத்துக் குறையுமென்றே எதிர்பார்த்தனர். 1988இல் வெளியான ஆய்வு கண்டதோ வேறு. வழுக்கும் தெருக்களில் இளம் ஆண்களின் விபத்துகள் கூடியிருந்தன!

காரணம் யாது? 1996இல் வெளியான சுவீடன் ஆய்வொன்று விடை தருகிறது. ஒரு கூட்டத்தாருக்கு வண்டியைக் கையாளுந் திறன் பயிற்றப்பட்டது. மற்றையோருக்குத் தம் திறனின் எல்லை உணர்த்தப்பட்டது. சோதித்தபோது இரு சாராரின் திறனிலும் வேறுபாடு காணப்படவில்லை. முன்னவரோ தம்மை மிக வல்லவரென மதித்தனர். பயிற்சி கையிற் பதியவில்லை, தலைக்கேறிவிட்டது. இளைஞராகிய எமக்கும் அந்நோய் இல்லையென்று சொல்ல முடியுமா?

1999இல் சுவீடன் தன் பயிற்சியின் நோக்கையே மாற்றியது. சறுக்கியபின் தப்புவதன்று, சறுக்காமற் காப்பதே பாடமாயிற்று. வேகம் இரட்டித்தால், பிறேக் பிடித்தபின் வண்டி ஓடும் தூரம் நான்கு மடங்காகும். தேய்ந்த ரயர் மழைநீரை விலக்காது.

ஆகவே, பிடி எத்துணை எளிதில் நழுவும் எனக் காட்டும் வகுப்பாயின் காசு கொடுப்போம். நீ வல்லவன் எனப் புகழும் வகுப்பாயின், அக்காசுக்கு நல்ல ரயர் வாங்குவோம்.

அடக்கம் நம் முன்னோர் போற்றிய அறம். படலையிற் கண்வைத்துக் காத்திருக்கும் தாய்மாரை எண்ணி, வேகத்தைக் குறைப்போமாக.