சுவரும் சேரியும்
(கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

தோழர்களே, வட அயர்லாந்துல டெர்ரின்னு ஒரு சின்ன நகரம். கோட்டை மதிலுக்குக் கீழே, பள்ளத்தில், கத்தோலிக்க ஏழைகளின் பாக்சைடு. அவங்க சேரின்னே வச்சுக்குங்க. அப்போ அவனுக்கு வீடு ஒதுக்க மாட்டான். வீடில்லாதவனுக்கு உள்ளாட்சித் தேர்தலில் ஓட்டும் கிடையாது. 1969 ஜனவரியில் ஒரு வீட்டுச் சுவரில், இது சுதந்திர டெர்ரி என்று எழுதினார்கள். பின்னால் வீடுகளை இடித்தார்கள். சுவர் மட்டும் தனியா நிக்குது.

1971இல் ராணுவம் சுட்ட 14 வயதுச் சிறுமியைப் பள்ளிச் சீருடையோடு தீட்டியிருக்கிறார்கள். வரைந்தவர்கள் உள்ளூர்க்காரங்க. மேலே ஒரு பட்டாம்பூச்சி. அமைதி வரட்டும்னு அதுக்கு நிறமே கொடுக்கல. 2006இல்தான் கொடுத்தார்கள், பக்கத்துத் துப்பாக்கியையும் முறித்து வரைந்தார்கள்.

இன்னிக்கு டூரிஸ்டுங்க போட்டோ எடுக்கிறாங்க. எடுக்கட்டும். அந்தப் பிள்ளையைச் சுட்டவன் எவனும் தண்டனை பெறல.