முதுமையடைந்த ஜகுவார்

இங்கிலாந்திலே கொவென்றி நகரிலிருந்த ஜகுவார் தொழிற்சாலை 1975ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் ‘எக்ஸ் ஜே எஸ்’ என்னும் மோட்டார் வண்டியை வெளியிட்டது. இரண்டே கதவுகளும், நீண்ட முன்புறமும், தாழ்ந்த கூரையும் உடைய, கூப்பே எனப்படும் இனத்தைச் சேர்ந்த வண்டி அது. பன்னிரண்டு சிலிண்டர்களும் 5.3 லீற்றர் கொள்ளளவும் கொண்ட எஞ்சின் அதனை இயக்கியது. 1996ஆம் ஆண்டு வரை ஓர் இலட்சத்துப் பதினையாயிரத்துக்கு மேற்பட்ட வண்டிகள் செய்யப்பட்டன. அந்நாளில் அதனைப் புதிதாக வாங்கியோர் பெருஞ் செல்வர்கள். இன்றோ, பேணாது விடப்பட்ட ஒன்றை நடுத்தர வருவாயுள்ள ஒருவரும் தமது சேமிப்பைக் கொண்டு வாங்கிவிடலாம். இடர் தொடங்குவது அங்கேதான். வண்டியின் விலை இறங்கிற்றேயன்றி அதைப் பேணும் செலவு இறங்கவில்லை. பன்னிரண்டு சிலிண்டருக்கும் பன்னிரண்டு ஸ்பார்க் பிளக்குகள் வேண்டும். அவற்றுட் சிலவற்றை எட்டுவதற்கே தொழிலாளியின் அரைநாட் பொழுது கழிந்துவிடும்.

வாங்க வருபவர் முதலில் நோக்குவது மைல் கணக்கை. குறைந்த தூரம் ஓடிய வண்டி நல்ல வண்டி என்பது பலருடைய எண்ணம். முப்பது, நாற்பது ஆண்டு கடந்த வண்டிக்கு இக்கணக்கு அவ்வளவாகப் பொருந்துவதில்லை. ஓடாமல் நின்ற வண்டியிலும் இறப்பர் காய்கிறது, பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுகிறது, உலோகம் அரிபடுகிறது. ரயர்களின் பூவேலை தேயாதிருந்தாலும் அவற்றின் பக்கச்சுவர் வெடித்திருக்கலாம். ரயரின் பக்கத்திலே பொறித்த நான்கு இலக்கங்களைப் படித்தால் அதன் வயது வெளிப்படும். ‘2317’ என்றிருப்பின் அது 2017ஆம் ஆண்டின் இருபத்துமூன்றாம் வாரத்திற் செய்யப்பட்டது. அவ்விடத்தில் மூன்றே இலக்கங்கள் இருந்தால் அது 2000ஆம் ஆண்டுக்கு முற்பட்டது. அத்தகைய ரயரோடு நெடுஞ்சாலைக்குச் செல்லலாகாது.

அடுத்தது துரு. விற்பனைக்கு வருமுன் வண்டிக்குப் புது வர்ணம் பூசுவது வழக்கம். துணியிற் சுற்றிய சிறு காந்தத்தைக் கதவின் கீழ்ப்பகுதியிலும், பின் சில்லுகளின் வளைவிலும், பின்கண்ணாடியின் அடியோரத்திலும் மெல்ல ஒற்றிப் பார்த்தால், அது ஒட்டாத இடத்தில் தகடு இல்லை, பூச்சு மாவே உண்டு என்று தெரியும். ஆயினும் உண்மையில் அஞ்சத்தக்க துரு நிற்பவர் கண்ணுக்குத் தெரிவதன்று. பின் சில்லுகளுக்குச் சற்று முன்னே, அடித்தட்டிலே, பின்னச்சைப் பிடித்திருக்கும் கைகள் பொருந்தும் இடம் ஒன்றுண்டு. அவ்விடம் உளுத்துப் போயிருப்பின் வண்டி செம்மையாக நேரே செல்லாது. முன் எஞ்சினைத் தாங்கும் குறுக்குச் சட்டமோ உள்ளிருந்தே அரிபடும். ஆகவே வண்டியை உயர்த்தி அடியிற் பாராமல் விலை பேசுவது கண்ணை மூடிக்கொண்டு மாடு வாங்குவதை ஒக்கும்.

பின்கண்ணாடியின் இருமருங்கிலும் சரிந்திறங்கும் தகட்டு அமைப்பு, வண்டி வெளிவந்த காலத்தில் பலராற் பழிக்கப்பட்டது. இன்று அதற்காகவே இவ்வண்டியை விரும்புவோர் உளர். அழகைப் பற்றிய வழக்கு எவ்வாறாயினும், அதனடியில் நீர் தேங்குவது வழக்குக்கு அப்பாற்பட்டது.

எஞ்சினுக்கு வருவோம். அலுமினியத்தால் வார்க்கப்பட்ட இவ்வெஞ்சின் செவ்வனே பேணப்பட்டால் நெடுங்காலம் உழைக்கும். ஆனால் ஒருமுறை அளவுமீறிச் சூடேறினாற் போதும், வால்வுகள் அமரும் வளையங்கள் கழன்றுவிடக்கூடும். பின்னர் சிலிண்டர்த் தலையைக் கழற்ற வேண்டும். அதனைப் பிடித்திருக்கும் இரும்புத் தண்டுகளோ அலுமினியத்தோடு அரித்து ஒன்றாய்ப் போயிருக்கும். தனிக் கருவி பூட்டி நாட்கணக்காக இழுத்தும் அசையாத தலைகள் உண்டு. அவ்வேலைக்கான கூலி, வண்டி வாங்கிய விலையை எளிதில் விழுங்கிவிடும்.

இச்சூட்டுக்குக் காரணம் பெரும்பாலும் ரேடியேற்றரில் படியும் வண்டல். இன்னொரு காரணம் பலருக்குப் புலப்படாதது. 1989ஆம் ஆண்டுக்கு முற்பட்ட வண்டிகளில், தீப்பொறியை வேகத்துக்கேற்ப முன்தள்ளும் சிறு எடைகள் டிஸ்ரிபியூட்டரின் உள்ளே இருக்கின்றன. அக்கருவி அமைந்துள்ள இடமோ இரு சிலிண்டர் வரிசைகளுக்கும் இடையிலான வெப்பப் பள்ளம். அங்கே கிறீஸ் காய்ந்து எடைகள் இறுகிவிடும். அதன்பின் பொறி காலந்தாழ்த்தியே எழும். எஞ்சின் ஓடும், ஆனால் தன்னைத்தானே சுட்டுக்கொண்டு ஓடும். புதிய ரேடியேற்றர் பூட்டியும் சூடு தணியவில்லையே என்று ஏங்குவோர் பலரின் நோய் இதுவே.

அதே பள்ளத்திலேதான் பெற்றோலைக் கொண்டுசெல்லும் இறப்பர்க் குழாய்களும் கிடக்கின்றன. வெப்பத்தால் அவை கல்லாகி வெடிக்கும். சூடான எஞ்சினின் மேல் பெற்றோல் கசிந்தால் நிகழ்வதைச் சொல்ல வேண்டியதில்லை. எரிந்தழிந்த ஜகுவார்கள் சில அல்ல. பெரிய பிரித்தானியாவில் 2021ஆம் ஆண்டு செப்டெம்பர் முதல் சாதாரண பெற்றோலில் பத்து சதவீதம் வரை எதனோல் கலக்கப்படுகிறது. பழைய இறப்பருக்கு அது ஒவ்வாது. குழாய்கள் மாற்றப்பட்டமைக்கான பற்றுச்சீட்டு இல்லையெனில், வண்டி வீடு வந்ததும் முதற் செலவு அவற்றுக்கே ஆகட்டும். 1989க்குப் பிற்பட்ட பன்னிரண்டு சிலிண்டர் வண்டிகளில் வேறோர் அபாயம் உண்டு. அவற்றின் புதிய பொறி அமைப்பில் ஒரு சிறு பாகம் பழுதுற்றால், ஆறு சிலிண்டர்கள் பொறியின்றி நிற்க, மற்ற ஆறும் வண்டியை இழுத்துக்கொண்டிருக்கும். எரியாத பெற்றோல் புகைபோக்கியிற் பாய்ந்து, வினையூக்கிப் பெட்டியைச் செந்தணலாக்கிவிடும். ஓட்டுபவர், வலிமை குறைந்துவிட்டதே என்று மேலும் மிதிப்பார். அத்தருணத்தில் உடனே நிறுத்துவதொன்றே செய்யத்தக்கது.

பின் பிரேக்குகள், தொண்ணூறுகளின் தொடக்கம் வரை, சில்லுகளின் அருகே இல்லாமல் நடுவே டிஃபரன்ஷியலை ஒட்டியிருந்தன. அதிலிருந்து எண்ணெய் கசிந்தால் பிரேக்கில் விழும். முறையாகத் திருத்தப் பின்னச்சு முழுவதையும் இறக்க நேரும். ஆகையாற் பலர் அதைத் தள்ளிப்போட்டே விற்றிருப்பர். மின்சார ஜன்னல்களும், குளிரூட்டியும், தொங்கிப்போன கூரைத்துணியும் மனத்தைச் சோர்விக்கும். உயிருக்கு ஊறு செய்யா.

2018ஆம் ஆண்டு முதல் அந்நாட்டில் நாற்பது ஆண்டு கடந்த, பெரிதும் மாற்றப்படாத வண்டிகளுக்கு வருடாந்தப் பரிசோதனை கட்டாயமில்லை. ஆகவே பழைய எக்ஸ் ஜே எஸ் ஒன்று பல ஆண்டுகளாக எவர் கண்ணுக்கும் படாமல் ஓடியிருக்கலாம். வாங்குபவர் தம் செலவிற் பரிசோதிப்பித்துக்கொள்ளலாம், அதற்குத் தடையில்லை. பார்க்கச் செல்கையில் எஞ்சின் முற்றாகக் குளிர்ந்திருக்க வேண்டும். கிளப்பி, ஊர்ந்து செல்லும் வாகன நெரிசலில் அரைமணி நேரம் ஓட்டி, வெப்பமானியின் முள்ளைக் கவனித்து, பின் நிறுத்திப் பத்து நிமிடம் பொறுத்து, மூடியைத் திறந்து பெற்றோல் வாடை வருகிறதா என்று முகர்ந்து பார்த்து, மீண்டும் கிளப்ப வேண்டும். வருமுன்னரே எஞ்சினைச் சூடாக்கி வைத்திருக்கும் விற்பனையாளரிடம், மறுநாட் காலையில் வருவதாகச் சொல்லித் திரும்பிவிடலாம்.