கோணமலைக் கல்லும் கடலும்

பயணம் என்றவுடன் மனம் தொலைதூர நாடுகளையே நாடுவது இயல்பு. மலையேற்றமும் மறைந்த நாகரிகமும் ஒருங்கே வேண்டுவோர் தென்னமெரிக்காவிலுள்ள பெரு நாட்டிற்குச் செல்கின்றனர். அந்நாட்டின் குஸ்கோ நகரில் இன்கா மக்கள் சூரியனுக்கு எடுத்த கொரிக்கஞ்சா என்னும் கோயில் இருந்தது. 1533-ஆம் ஆண்டில் நகரைக் கைப்பற்றிய ஸ்பானியர், பின்னர் அதன் சுவர்களின்மேல் தங்கள் மடாலயத்தைக் கட்டினர். 1950-ஆம் ஆண்டு மே மாதத்தில் நிலம் நடுங்கியபோது மடாலயம் பெரிதும் சிதைந்தது. அடியிலிருந்த இன்காச் சுவர்களோ அசையாது நின்றன.

இந்த வரலாற்றைக் கேட்கும் ஈழத்துத் தமிழர் எவர்க்கும் திருகோணமலை நினைவுக்கு வராமற் போகாது. கடலுக்குள் நீண்டு நிற்கும் சுவாமிமலையில், திருஞானசம்பந்தரின் பதிகமும் அருணகிரிநாதரின் திருப்புகழும் பெற்ற கோணேசர் கோயில் ஓங்கி நின்றது. போர்த்துக்கேயர் அதனை 1622-ஆம் ஆண்டில் இடித்தனர் என்பர். இடித்த கற்களைக் கொண்டே அவ்விடத்தில் கோட்டையை எழுப்பினர். பின்னர் ஒல்லாந்தரும் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் மாறிமாறி அதனைக் கைக்கொண்டனர். இன்று பிரெட்ரிக் கோட்டை எனப்படுவது அதுவே. அதன் வாயிலிற் பொறிக்கப்பட்டிருக்கும் இணைக்கயலையும், சிதைந்த தமிழ்க் கல்வெட்டையும் நின்று பார்ப்போர் சிலரே. உள்ளே மேயும் புள்ளிமான்களைப் பார்த்துவிட்டு மலையேறிப் போவோரே பலர்.

குஸ்கோவில் நிலம் நடுங்கிய அதே 1950-ஆம் ஆண்டில், திருகோணமலையில் கிணறு தோண்டியவர்களுக்குச் சோமாஸ்கந்தர், சந்திரசேகரர், பார்வதி, பிள்ளையார் ஆகிய வெண்கலத் திருவுருவங்கள் கிடைத்தன. பகைவர் கைப்படாதிருக்க அன்பர்கள் மண்ணுக்குள் மறைத்து வைத்தவை அவை. 1956-ஆம் ஆண்டில் மைக் வில்சனும், அறிவியற் கதைகளால் உலகப் புகழ் பெற்ற ஆதர் சி. கிளார்க்கும் மலையடிவாரக் கடலில் மூழ்கினர். முருகைக்கல்லும் பாசியும் மூடிய பாறைகளுக்கிடையே, உளி பட்ட தூண்களையும் கட்டடக் கற்களையும் கண்டனர். அக்கடலடிக் காட்சிகளைக் கிளார்க் நூலாக எழுதினார். வில்சனோ பிற்காலத்தில் சுவாமி சிவகல்கி என்னும் பெயருடன் துறவு பூண்டார். மீள எழுந்த கோயிலுக்கு 1963-ஆம் ஆண்டில் குடமுழுக்கு நிகழ்ந்தது.

மலையை விட்டிறங்கித் தெற்கே நோக்கினால் கொட்டியாரக் குடா தெரியும். மகாவலி கங்கை கடலொடு கலப்பது இங்கேதான். 1660-ஆம் ஆண்டில் இக்குடாவின் கரையிற் சிறைப்பட்ட ரொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கில மாலுமி, கண்டி அரசனின் ஆட்சிக்குள் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் கழித்துத் தப்பினார். 1681-இல் வெளிவந்த அவரது நூல், அக்கால இலங்கையின் உழவையும் உணவையும் ஊர் வழக்கங்களையும் உலகுக்கு அறிவித்தது. இன்பச் செலவாக வந்தவரல்லர் அவர். எனினும், பார்த்ததைப் பொறுமையோடு பார்த்தமையால் அவர் எழுத்து இன்றும் பயன்படுகின்றது.

மேற்கே அநுராதபுர வீதியிற் சென்றால் கன்னியா வெந்நீர்க் கிணறுகள் ஏழும் வரும். இராவணன் தன் தாயின் ஈமக்கடனுக்காக அமைத்தவை என்பது ஐதிகம். நிலத்தின் ஆழத்தில் வெப்பமுற்ற நீரே பிளவுகள் வழியாக மேலெழுகின்றது என்பது அறிவியல். அருகருகே இருந்தும் ஒரு கிணற்றின் சூடு மற்றொன்றில் இல்லை. அங்கிருந்து அதிக தொலைவில்லாத பெரியகுளத்தில் வெல்கம் விகாரை உள்ளது. சோழர் காலத்தில் இராசராசப் பெரும்பள்ளி எனப் பெயர் பெற்ற இப்பௌத்தப் பள்ளிக்கு விளக்கும் பசுவும் கொடுத்த செய்தியைத் தமிழ்க் கல்வெட்டுக்கள் கூறுகின்றன. சைவரான சோழர் ஆண்ட நாளில், பௌத்தப் பள்ளியொன்று தமிழில் தன் அறக்கொடைகளைக் கல்லிற் பொறித்து வைத்தது. சமயத்தையும் மொழியையும் பிரித்துப் பிணக்கிடும் காலத்தில், ஒருமுறையேனும் சென்று பார்க்கத்தக்க இடம் அது.

கடலின் சிறப்போ தனியானது. துறைமுகக் குடாவிலிருந்தே கடலடியில் ஆழ்ந்த பள்ளத்தாக்கொன்று தொடங்குகின்றது. அதனால் வேறிடங்களில் நெடுந்தொலைவு சென்று காணவேண்டிய நீலத் திமிங்கிலத்தையும் எண்ணெய்த் திமிங்கிலத்தையும் இங்கே கரைக்கு அண்மையிலேயே காணலாம். 1980-களில் துலிப் என்னும் பாய்க்கப்பலில் வந்த ஆய்வாளர்கள் இதனை உலகறியச் செய்தனர். தென்மேற்குப் பருவக்காற்று மேற்குக் கரையை அலைக்கழிக்கும் மாதங்களில் இக்கடல் அமைதியாக இருப்பதும் பயணிகளின் பேறு. வடக்கே நிலாவெளிக்கு எதிரேயுள்ள புறாத்தீவைச் சுற்றி முருகைக் கற்களும் வண்ண மீன்களும் செறிந்துள்ளன. 1998-ஆம் ஆண்டில் கடல் வெம்மையால் இலங்கையின் முருகைப் பாறைகள் பல வெளுத்து மடிந்தபோதும் இவை பெரும்பாலும் தப்பின. 2003-ஆம் ஆண்டில் இத்தீவு தேசியப் பூங்காவாயிற்று.

போர் 2009-இல் முடிந்தபின் பயணிகள் பெருகினர். படகோட்டியின் வீட்டில் அடுப்பெரிய அவர்கள் வருகை வேண்டும். அதனை எவரும் மறுக்கவியலாது. ஆயினும், வெம்மைக்குத் தப்பிய முருகைக்கல் மனிதக் காலுக்குத் தப்பவில்லை. அது கல்லன்று, சிற்றுயிர்கள் கூடிக் கட்டிய வீடு. கிளையுருவான முருகை ஓராண்டில் வளர்வது சில அங்குலமே. திரண்ட பாறையுருவானதோ அவ்வளவும் வளராது. ஒரு மிதியில் ஒடிவது பல ஆண்டுகளின் வளர்ச்சி. திமிங்கிலம் மூச்செடுக்க மேலே வரும்போது படகுகள் நாற்புறமும் விரைந்து சூழ்ந்தால், அது மூச்சை முடிக்காமலே மூழ்குகின்றது. அடுத்த ஆண்டும் அது வந்தாலன்றிப் படகோட்டிக்கு வருவாய் ஏது?

ஆகவே, இங்கு செல்வோர் செய்யவேண்டியவை சிலவே. நீரில் மிதக்கலாம், முருகைமேற் காலூன்றுதல் ஆகாது. திமிங்கிலத்தைக் கண்டதும் படகை விலக்கி, இயந்திரத்தைத் தணிக்கச் சொல்லலாம். அவ்வாறு செய்யும் படகோட்டிக்கே அடுத்த முறையும் கூலியைக் கொடுக்கலாம். கடலடியிற் கண்ட கல்லைக் கண்ட இடத்திலேயே விட்டு வரலாம். வேற்றார் இடித்த கோயிலின் கற்களை முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகக் கடல் காத்து வைத்தது. அக்கடலைக் காக்கும் பொறுப்பு இப்போது அதனைக் காணச் செல்வோரிடம் வந்திருக்கின்றது.